எழுந்திருக்காமல் எடுத்த படங்கள்

செப்டம்பர் 25, 2024, புதன். திபிலிசி, ஜார்ஜியா

பெட்டியை அறையில் போட்டுவிட்டு முதல் வேலையாக ஹின்காலி சாப்பிடப் போனோம். பெரிய கொழுக்கட்டைக்குக் குடுமி வைத்தது மாதிரி இருக்கும், உள்ளே இறைச்சியும் கொதிக்கக் கொதிக்கச் சாறும். குடுமியைப் பிடித்துத் தூக்கி, ஓரத்தில் சின்னதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, அப்புறம்தான் மிச்சம். குடுமியைத் தின்பதில்லை, தட்டிலேயே விட்டுவிடுகிறார்கள், யார் எத்தனை உள்ளே தள்ளினார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு. இதெல்லாம் பக்கத்து மேசையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எங்கள் மேசையில் யாரும் உடனே சாப்பிட முடியவில்லை, ஏனென்றால் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "இரு, கை வைக்காதே, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். ஆவி பறக்கும்போது எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தது, நான் எழுந்து நின்று, நாற்காலியைத் தள்ளி, ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வருகிற மாதிரி இடம் பிடிப்பதற்குள் ஆவி அடங்கிவிட்டது. ஒன்பது வயது மகள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கணவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

ராத்திரி படுத்துக்கொண்டு பார்த்தால் 43 படம். 42இல் தட்டு மட்டும். ஒன்றில் ஓரமாக அவருடைய மணிக்கட்டு. அந்த உணவகம் விளம்பரத்துக்குக் கேட்டால் கொடுக்கலாம். நாங்கள் மூன்று பேர் அங்கே சாப்பிட்டோம் என்பதற்கு அதில் ஒரு சாட்சியும் இல்லை.

செப்டம்பர் 26, வியாழன். திபிலிசி

ருஸ்தாவேலி சாலையில் இருக்கிற தேசிய ஓவியக்கூடம். நிகோ பிரோஸ்மானிக்காகப் போனோம். எந்தப் பள்ளியிலும் ஓவியம் படிக்காத ஆள், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும், சாப்பாட்டுக்கும் ஒயினுக்கும் மதுக்கடைகளில் படம் வரைந்து கொடுத்தும் காலம் தள்ளி, 1918இல் வறுமையில் செத்துப்போனார். கறுப்பு எண்ணெய்த்துணியில் வரைவார், இருட்டு வேண்டிய இடத்தில் வண்ணமே பூசாமல் துணியை அப்படியே விட்டுவிடுவார். இருட்டை இருட்டாகவே விட வேண்டும் என்று எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சாயங்காலச் சாப்பாட்டுப் படங்களை எல்லாம் கணினியில் வெளுத்து வெளுத்துக் கெடுத்து வைத்திருக்கிறேன்.

அவருடைய விருந்துப் படங்கள்தான் நான் பார்க்க வந்தவை, ஆனால் முதல் பார்வையில் எனக்கு ஏமாற்றம். வெள்ளை விரிப்பு, ரொட்டி, கோப்பை, ஒருவர் கையில் கொம்பு. எல்லோரும் நம்மைப் பார்த்தபடி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர்கூட மெல்லவில்லை. கல்யாண குரூப் போட்டோ. மகள்தான் கேட்டாள், "இந்தப் பக்கம் ஏம்மா யாரும் உட்காரல?" என்று. "மறைக்கும்ல" என்றார் அவர். சரிதானே என்று நகர்ந்துவிட்டோம்.

செப்டம்பர் 27, வெள்ளி. தெலாவி

மார்ஷ்ருத்கா என்கிற ஷேர் வேனில் கோம்போரி மலைப்பாதை வழியாக ககேத்தி வட்டாரத்துக்கு. மகள் இரண்டு தடவை வாந்தி. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

தங்கியிருப்பது ஒரு குடும்பத்தின் வீட்டில், மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். பாட்டி, அவர் மகன், மருமகள், ஆங்கிலம் பேசுகிற பதினேழு வயதுப் பேத்தி, ஆறு வயதுப் பேரன். பாட்டிக்கு இங்கே பெபியா. பேரன் தன் அப்பாவைப் பார்த்து "மாமா, மாமா" என்று கூப்பிட்டதும் என் மகள் திரும்பிப் பார்த்தாள் ஒரு பார்வை! ஜார்ஜிய மொழியில் அப்பாதான் மாமா, அம்மா என்றால் தேதா. அவளுக்கு அதைவிடப் பெரிய செய்தி இந்தப் பயணத்தில் இனிமேல் கிடையாது.

புதனும் வெள்ளியும் அவர்களுக்கு நோன்பு, இறைச்சி, பால், முட்டை கிடையாது. அதனால் இன்றைக்கு மண்சட்டியில் லோபியோ என்கிற பீன்ஸ், அரைத்த அக்ரூட்டோடு பிசைந்து மாதுளை முத்து தூவிய கீரை உருண்டைகள், ம்ச்சாதி என்கிற மக்காச்சோள ரொட்டி, ஊறுகாய். அசல் சமையலறைச் சாப்பாடு. பேத்தியிடம் முதலிலேயே கேட்டேன், படம் எடுக்கலாமா என்று. பாட்டி "சாப்பிட்டால் எடுக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். சின்னவன் முகத்தை மட்டும் வெளியே யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார் அவன் அம்மா. நியாயம்தான். பெயர் யாருடையதையும் இங்கே எழுதப் போவதில்லை.

ஆனால் இன்று எடுத்தது அத்தனையும் பாழ். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேமராவைச் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்திருந்தேன், மேசைக்கு மேலே ஒரு எல்இடி பல்பு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்தப் பல்பு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை ஒரே சமயத்தில் படிக்காமல் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு வெளிச்சம். பெபியா முகத்தில் வரிக்குதிரை மாதிரி பட்டை. ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் வைத்திருந்தது என் முட்டாள்தனம். 1/50 அல்லது 1/100 வைத்திருந்தால் பட்டை அநேகமாக விழுந்திருக்காது, இல்லையென்றால் பழைய 'டக்' சத்தத்தோடு மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுத்திருக்க வேண்டும். சத்தம் போடாமல் திருட்டுத்தனமாக எடுக்கப் பார்த்ததற்குக் கூலி என்று வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 28, சனி. தெலாவி

ர்த்வேலி, அதாவது திராட்சை அறுவடை. காலையிலிருந்து தோட்டத்தில். சபெராவி என்கிற ரகத்துக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் சாறும்கூடச் சிவப்பு, ஒரு மணி நேரத்தில் எல்லோர் கையும் கொலை செய்த கை மாதிரி ஆகிவிட்டது. மதியம் அக்ரூட் மரத்தடியில் சாப்பாடு. வெட்டிக் காயவைத்த திராட்சைக் கொடிக் குச்சிகளை எரித்துத் தணலாக்கி அதில் ம்த்ஸ்வாதி, கம்பியில் கோத்த இறைச்சி. உச்சிவெயில், இலைநிழல் எல்லோர் முகத்திலும் திட்டுத்திட்டாக, முகத்தை எடுக்கவே முடியாது, அதனால் கைகளை எடுத்தேன். ஊதாக் கைகள் வெள்ளை ரொட்டியைப் பிய்க்கிற படம் ஒன்று. அது நல்ல படம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிழிந்த சாறு க்வெவ்ரிக்குப் போகிறது. கழுத்து வரை மண்ணில் புதைத்த பெரிய மண்தாழி. தாழி என்றால் நமக்கு வேறு ஞாபகம் வரும், இங்கே அதற்குள் இருப்பது ஒயின். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெபியாவின் மகனுக்கு அதில் பெருமை உண்டு, ஆனால் தாழியைக் கழுவுவது யார் என்று யுனெஸ்கோ கேட்கவில்லை என்றும் சொன்னார்.

ராத்திரி சூப்ரா. அந்தச் சொல்லுக்கு மேசைவிரிப்பு என்றுதான் பொருள், விருந்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. இருபது பேர் இருக்கும், மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் தட்டுக்கு மேல் தட்டு. பெபியாவின் தம்பி தமாதா, பந்தியை நடத்துகிறவர். அவர் எழுந்து ஒவ்வொன்றுக்காகவும் பேசுவார், சமாதானத்துக்கு, நாட்டுக்கு, பெற்றோருக்கு, பேசி முடித்ததும் எல்லோரும் "கௌமார்ஜோஸ்" என்று சொல்லிக் குடிப்பார்கள். நினைத்த நேரத்தில் ஒருவாய் உறிஞ்சுவது மரியாதை இல்லை.

இது தெரியாமல், அவர் பெற்றோரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் எழுந்துவிட்டேன். மூலையில் நின்றால் மேசை முழுவதும் வரும், விளக்கும் நன்றாக இருந்தது. இரண்டு படம் எடுத்திருப்பேன். சத்தம் நின்றுவிட்டது. கேமராவை இறக்கிப் பார்த்தால் தமாதா கோப்பையை ஏந்தியபடி என்னையே பார்க்கிறார், கோபமில்லை, காத்திருக்கிறார். பேத்தி மெல்ல, "ஆன்ட்டி, உட்காருங்க, நீங்க உட்கார்ந்தாத்தான் அவர் முடிப்பார்" என்றாள். இருபது பேர் பார்க்க என் நாற்காலிக்குத் திரும்பிய அந்தப் பத்தடி இருக்கிறதே.

அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. 35 மிமீ லென்ஸ், எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, முழங்கையை மேசையில் ஊன்றி 1/50. கையெட்டும் தூரத்தில் என்ன நடக்கிறதோ அதுதான் படம். எதிரே இருந்தவர் எலும்பை உறிஞ்சுவது, மருமகள் யாரும் பார்க்காதபோது ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வது, என் மகளின் தட்டில் அவள் கேட்காமலே ஒரு கை மூன்றாவது கச்சாபுரியை, அதாவது சீஸ் ரொட்டியை, வைப்பது. எல்லாப் படத்திலும் கீழ்ஓரத்தில் என் தட்டும் கோப்பையும் மங்கலாக வந்து நிற்கின்றன. முதலில் வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன், முதல் நாள் 43 படத்தில் இல்லாதது அதுதான்.

நடுவில், இறந்தவர்களுக்காக. பாட்டு, சிரிப்பு எல்லாம் அடங்கி எல்லோரும் எழுந்தார்கள், ரொட்டித் துண்டில் சில சொட்டு ஒயின் விட்டார்கள். தமாதா என் கணவரைப் பார்த்து "அலாவெர்டி" என்றார், இனி நீ பேசு என்று அர்த்தம். வீட்டு விசேஷங்களில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் தமிழிலேயே பேசினார், போன வருஷம் போன அவர் அம்மாவைப் பற்றி, ஐந்து நிமிஷம். எனக்கே தெரியாத இரண்டு விஷயம் அதில் இருந்தது. யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை, யாரும் அசையவும் இல்லை. மகள் தன் ரொட்டியில் மாதுளைச் சாற்றைச் சொட்டினாள். கேமரா என் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு. தெலாவி

காலையில் பெபியாவுக்குப் படங்களைக் காட்டினேன். எனக்கு மிகவும் பிடித்தது அவர் கன்னம் உப்ப ரொட்டியை மென்றபடி தம்பியைத் திட்டுகிற படம். அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். பேத்தி மொழிபெயர்த்தாள்: "அழிக்கச் சொல்றாங்க." நல்ல வெளிச்சம், இயல்பாக இருக்கிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மெல்லுகிற வாயை யார் சுவரில் மாட்டுவார்கள் என்று கேட்டார். பதிலில்லை, அவர் எதிரிலேயே அழித்தேன். கொஞ்சம் வலித்தது, மறைக்க மாட்டேன்.

படம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார். எல்லோரும் உடை மாற்றினார்கள். நேற்றைய மிச்சத்தை எல்லாம் புதுசு போல அடுக்கி, வெள்ளை விரிப்பு போட்டு, மேசையின் இந்தப் பக்கத்து நாற்காலிகளை எடுத்துவிட்டு, மூன்று பக்கமும் உட்கார்ந்தார்கள். பேரன் சிரித்ததற்கு ஒரு அதட்டல். யாரும் எதையும் தொடவில்லை. வெற்றாக இருந்த பக்கத்தில் நான் கேமராவோடு நின்றபோதுதான் பிரோஸ்மானியின் அந்த வரிசை ஞாபகம் வந்தது, மகள் கேட்ட கேள்வியும். பெபியா விடவில்லை, தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைத் தட்டிக் காட்டினார். சாறு பிழிகிற வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்து, பத்து நொடி டைமர். எல்லோரும் சிலை மாதிரி இருக்கிறார்கள், நான் மட்டும் பாதி உட்கார்ந்த நிலையில், தலைமுடி கலைந்து, வாயைத் திறந்துகொண்டு. இன்னொன்று எடுக்கலாம் என்றேன். இதுவே போதும் என்றுவிட்டார்.

அக்டோபர் 1, செவ்வாய். திபிலிசி

அந்தப் படத்தில் ஆறு பிரதி போட்டேன், பெபியாவுக்குப் பெரிதாக ஒன்று. ஊதாக் கை, ரொட்டிப் படத்தையும் ஒன்று போட்டுக் கூடவே வைத்தேன், அவருக்குப் பிடிக்காமல் போகலாம், பேத்தி வைத்துக்கொள்வாள்.

இங்கே ஊருக்குப் பொட்டலம் அனுப்புவதென்றால் மார்ஷ்ருத்கா ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அங்கே ஆள் வந்து வாங்கிக்கொள்ளும். தெலாவி வண்டியைத் தேடிப்பிடித்து உறையைக் கொடுத்தேன். என்ன இது என்றார், போட்டோ என்றேன். பிரித்து நிதானமாகப் பார்த்தார். தமாதா மேல் விரலை வைத்துத் தெரியும் என்பது போலத் தலையாட்டினார், அப்புறம் என்னைக் கண்டுபிடித்துச் சிரிசிரியென்று சிரித்தார். உறையை வெயில் தடுப்புப் பலகைக்கு மேலே செருகிக்கொண்டு, ஆள் நிரம்பட்டும் என்று சிகரெட் பற்றவைத்தார்.