கோழிக்குக் கோவணம்

1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் நாட்டையும் விட்டுப் போன நான், கனடாவில் பிறந்த என் 12 வயது மகளோடு அதே மாவட்டத்து அக்கராயனில் கணவரின் காணியில் வந்து குடியேறியபோது, ஊருக்குத் திரும்பிவிட்டேன் என்றே எல்லோருக்கும் சொன்னேன். அவளுக்கு இது முன்பின் தெரியாத நாடு என்பது, ஒரு விடலைக் கோழியை அவள் வீட்டுக்குள் தூக்கி வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

கீரி கடித்துக் கால் ஒடிந்திருந்த பேடு அது. மாமி அதற்கு மஞ்சள் அரைத்துப் பூசினார். ஆனால் இரவில் கடகத்தால் மூடிக் குசினி மூலையில் வைத்தால் போதும் என்பதே அவரது கணக்கு. மகளோ அது பகலிலும் தன்னோடு அறையில் இருக்கவேண்டும் என்று நின்றாள். சாணம் மெழுகிய திண்ணையில் கோழி எச்சமிட்டால் ஒரு பிடி மண்ணைத் தூவி அள்ளிக் கொட்டிவிடலாம். நாங்கள் வெளிநாட்டுக் காசில் டைல்ஸ் பதித்து வைத்திருந்தோம். கோழி அரை மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கழிக்கும். அதற்குச் சிறுநீர்ப்பை இல்லாததால் எல்லாம் ஒன்றாகவே, வெள்ளை படிந்து வரும். இடையிடையே பெருங்குடல் முனையிலுள்ள பைகளிலிருந்து கபில நிறத்தில் களிபோல வருவதன் நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

அமெரிக்காவில் கோழியை வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் அதற்குத் துணியால் டயப்பர் கட்டுவதை மகள் காணொளிகளில் பார்த்திருந்தாள். அதைச் சொன்னதும் மாமி, "கோழிக்குப் பம்பர்ஸோ? நாங்கள் பிள்ளையளுக்கே கட்டேல்லை, பிள்ளை" என்று சிரித்தார். சிரித்தவர்தான் பின்னேரம் மாமாவின் பழைய சாரத்தைக் கிழித்துத் தையல் மெசினில் போட்டார்.

முதலில் தைத்தது பிழைத்துவிட்டது. பிள்ளைக்குக் கட்டுவதுபோல இறுக்கித் தைத்ததில், எச்சம் விழ இடமின்றி இறகெல்லாம் அப்பிக்கொண்டது. கோழியோ முதுகில் எதுவோ ஏறிவிட்டதாக எண்ணி, நொண்டிக் காலோடு பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டியது. துணி உடலோடு ஒட்டக்கூடாது. வாலுக்குக் கீழே ஒரு பைபோலத் தளர்ந்து தொங்கவேண்டும். இலாஸ்டிக் பட்டிகள் இரண்டும் சிறகுகளுக்கு அடியால் போய் முதுகில் சேரவேண்டும். வால் வெளியே நிற்கவேண்டும், ஏனென்றால் வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியைச் சொண்டால் தொட்டுத்தான் கோழி இறகைக் கோதும். பைக்குள் வைக்கும் துணித்துண்டை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினோம். மாற்றியபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கோழி எச்சத்தால் சல்மொனெல்லா கிருமி தொற்றும்.

ஆனால் காணொளிகளில் இருந்தது குளிர்நாட்டு வீடு. இங்கே கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதம். வியர்வைச் சுரப்பி இல்லாத பிராணி, சொண்டைத் திறந்து இளைத்தது. ஈரத் துணிக்குள் இலையான் முட்டையிட்டால் புழுவே வைத்துவிடும் என்று மாமி எச்சரித்தார். மாடுகளின் புண்ணில் அதைக் கண்டவர். அதனால் கோவணம் (மாமி வைத்த பெயர்தான் நிலைத்தது) காலையில் சில மணி நேரம், பின்னேரம் சில மணி நேரம் என்று குறுகியது. மதியத்தில் அதைக் கழற்றிக் கோழியைப் பாலைமர நிழலில் விட்டோம். புழுதி குளிக்காத கோழிக்குப் பேன் பிடிக்கும் என்று மாமி சொல்லித்தான் மகள் அதற்கு ஒரு குழி தோண்டினாள். மாமியின் வன்னித் தமிழை அவள் திருப்பிக் கேளாமல் விளங்கிக்கொண்டது அந்தக் குழியடியில்தான் தொடங்கியது.

கொடியில் காய்ந்த சின்னஞ்சிறு துணிகளைக் கண்டு பக்கத்து வளவு அக்கா, "வீட்டிலை குழந்தையோ?" என்று கேட்டார். "ஓம், சொண்டோடை பிறந்தது" என்றார் மாமி.

கால் கூடி வந்த நாள்களில் பேட்டின் கொண்டை சிவந்தது. கொக்கரித்துக்கொண்டு மூலைமூலையாகத் திரிந்தது. எங்கள் இருவருக்கும் அது விளங்கவில்லை. அன்று கோவணத்தை அவிழ்த்தபோது உள்ளே ஒரு முட்டை நசிந்து கிடந்தது. எச்சமும் முட்டையும் ஒரே வாசலால் வருகின்றன என்பதை, கோழிகளோடு வளர்ந்த நானும் மறந்துபோயிருந்தேன்.

"முட்டைக்கு வழி எங்கை விட்டனியள்?" என்று கேட்டுவிட்டு, மாமி வைக்கோல் போட்ட கடகமொன்றை மகளின் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தார்.