கூரையை அறுத்த பிறகு: 1969 கமாரோ கன்வெர்ட்டிபிள் மாதிரி, இதுவரை

1969ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் பேஸ் காராக, அதாவது போட்டிக் கார்களுக்கு முன்னால் வழிநடத்தும் வண்டியாக, ஓடிய செவ்ரோலே கமாரோ கன்வெர்ட்டிபிளை (கூரையை மடக்கித் திறக்கக்கூடிய வகை) 1/25 அளவில் செய்துவருகிறேன். கிடைத்த கிட் கூரையுள்ள ஹார்ட்டாப் என்பதால், கூரையை அறுத்தெடுப்பதே முதல் வேலையாயிற்று.

முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப்பால் கோடு கட்டிக்கொண்டு, மெல்லிய பற்கள் கொண்ட ரம்பத்தால் அழுத்தமின்றி அறுத்தேன். அதுவரை விறைப்பாக நின்ற உடற்கூடு, கூரை கழன்றதும் இரு முனைகளையும் பிடித்துத் திருகினால் முறுக்கிக்கொண்டது. அசல் காரிலும் இதே சிக்கல்தான். கமாரோவின் முன்பகுதிக்கு மட்டுமே போல்ட்டால் பூட்டிய தனிச் சட்டம் உண்டு. அதற்குப் பின்னால் தரையும் பக்கங்களும் கூரையும் சேர்ந்தே சுமையைத் தாங்கின. ஆகவே கன்வெர்ட்டிபிளுக்குச் செவ்ரோலே அடிப்பகுதியை வலுப்படுத்தியதோடு, உடல் குலுங்குவதை அடக்க, ஆர்வலர்கள் 'காக்டெயில் ஷேக்கர்' என்று அழைக்கும் கனமான உருளைகளை நான்கு மூலைகளிலும் பொருத்தியது. அதே காலத்துச் செவெல், பான்டியாக் ஜிடிஓ ஆகியவை முழுநீளச் சேஸிஸின் (தனி அடிச்சட்டத்தின்) மேல் அமர்ந்தவை என்பதால், கூரையை இழப்பது அவற்றுக்கு இவ்வளவு பெரிய இழப்பாகவில்லை.

நானும் தொழிற்சாலையின் வழியையே பின்பற்றினேன். கதவுகளுக்குக் கீழே உட்புறமாக ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டைகளை நீளவாக்கில் ஒட்டி, பின்னிருக்கைக்குப் பின்னால் குறுக்குப் பட்டை ஒன்றும் வைத்தேன். அசலின் 108 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) இந்த அளவில் சுமார் 110 மில்லிமீட்டர். பசை இறுகும்வரை இருபுறமும் அந்த அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இப்போது முறுக்கம் அநேகமாக இல்லை. டிக்கியை மூடினால் யார் கண்ணிலும் படாது என்றாலும், பின்மூலைகளுக்குரிய இரண்டு உருளைகளையும் ஸ்டைரீன் குச்சியில் செய்து வைத்திருக்கிறேன். அவை இல்லாத கமாரோ கன்வெர்ட்டிபிள் எனக்கு முழுமையாகத் தோன்றுவதில்லை.

அறுத்த விளிம்புகளைப் புட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, ப்ரைமர் அடித்தாயிற்று. அடுத்து வெள்ளை, அது நன்றாகக் காய்ந்த பின் 'ஹக்கர் ஆரஞ்சு' என்ற செவ்ரோலே நிறத்தில் பட்டைகள். மாரியோ ஆண்ட்ரெட்டி வென்ற அந்தப் பந்தயத்துக்கான வண்டியின் தோற்றத்திலேயே, இஸட்11 என்ற குறியீட்டில் பொதுமக்களுக்கும் கார்கள் விற்கப்பட்டன. அவற்றின் இருக்கைகளில் இருந்த ஆரஞ்சு ஹவுண்ட்ஸ்டூத் (முனைகள் நீண்ட சிறு கட்டங்கள் கொண்ட) துணியைத்தான் மிகக் கடினமான பகுதியாகக் கருதுகிறேன். கூரை திறந்த வண்டியில் கண் முதலில் இருக்கைக்கே போகும் என்பதால், அந்தக் கட்டங்களைத் தூரிகையால் வரையாமல், டெக்கால் தாளில் (படத்தை மாதிரியின் மேல் மாற்றி ஒட்டும் தாள்) அச்சிட்டு ஒட்டப்போகிறேன்.