அடுத்த நீதிபதி படிக்கப்போகும் சாட்சியம்

தமிழ்நாட்டில் மாவட்ட உரிமையியல் நீதிபதிக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுதல் வருவது வழக்கம். வரப்புத் தகராறு அதைத் தாண்டியும் ஓடும். சாட்சியைக் கூண்டில் பார்த்தவர் ஒருவர், தீர்ப்பு எழுதுபவர் இன்னொருவர் என்றாகிவிடும். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 18 விதி 15 இதற்கு இடம் தருகிறது. முன்னவர் பதிந்ததைத் தாமே பதிந்ததாகக் கொண்டு அடுத்தவர் நடத்தலாம். அவருக்கு மிஞ்சுவது வழக்குக் கட்டில் உள்ள தாள்தான்.

2002 திருத்தத்துக்குப் பின் சாட்சியின் முதல் விசாரணை, அதாவது அவர் தம் தரப்புக்குச் சொல்லும் சாட்சியம், பிரமாண வாக்குமூலமாக எழுத்தில் வருகிறது. அது வக்கீலின் நடை. சாட்சியின் சொந்தப் பேச்சு குறுக்கு விசாரணையில்தான் வெளிப்படும். அதை நீதிபதி சுருக்கித் தட்டச்சருக்குச் சொல்லும்போதுதான் பிழை நுழைகிறது.

நிலத்தில் பிரதிவாதி தலையிடாமல் தடை கேட்கும் உறுத்துக்கட்டளை வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "பிரதிவாதிதானே உழுகிறார்?" என்று கேள்வி. வாதி சொல்கிறார்: "ஆமாங்கய்யா, எங்கப்பா வாரத்துக்கு விட்டிருந்தாரு, அதுல ஓட்டுனாரு. ரெண்டு வருசமா நாங்கதான் ஓட்டுறோம்." தாளில் ஏறுவது: "தாவா சொத்தில் பிரதிவாதி பயிர் செய்தார் என்று சொன்னால் சரிதான்." வாரமும் (விளைச்சலில் பங்குக்கு நிலத்தை உழவிடுவது) போயிற்று, இரண்டு வருடமும் போயிற்று. நிலம் யார் அனுபவத்தில், அதாவது யார் கையில், இருக்கிறது என்பதைச் சுற்றியே நிற்கும் வழக்கில் இது வாதிக்கு எதிரான ஒப்புதலாகப் படிக்கப்படும்.

இப்படிப்பட்ட இடத்தில் அதே கட்டளையின் விதி 10-ஐக் கையாள வேண்டும்: கேள்வியையும் பதிலையும் அப்படியே கேள்வி-பதிலாகப் பதிவது. வாரம், குத்தகை, ஒத்தி மூன்றும் மூன்று விதமான உரிமை. சாட்சி எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதையே எழுதுங்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் பதிய 1976-லேயே சட்டம் வழி செய்துவிட்டது. எல்லாவற்றையும் 'பொசெஷன்' (அனுபவம்) என்று ஆங்கிலத்தில் கரைக்கத் தேவையே இல்லை.

விதி 12 சாட்சியின் நடத்தையைக் குறிக்க அனுமதிக்கிறது. அதை இன்னும் அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். "பொய் சொல்வதாகத் தெரிகிறது" என்பது முடிவு; அது தீர்ப்பில் வரட்டும். "மூன்று முறை கேட்டபின் பதில் சொன்னார்" என்று கண்டதை எழுதினால் பின்னால் வருபவருக்குப் பயன்படும்.

மாலையில் அவசரம் கூடும். "படித்துக் காட்டப்பட்டது, சரி" என்ற வரி முன்பே தட்டச்சாகி நிற்கும். அதை நம்பிக் கையெழுத்திடாமல் சர்வே எண்ணையும் சான்றாவணக் குறியீட்டையுமாவது சாட்சியிடம் வாய்விட்டுப் படியுங்கள். 112/3ஏ என்பது 112/3பி ஆவதற்கு ஒரு விசைப் பிழை போதும்.

மாறுதல் ஆணை வந்ததும் முதலில் தேடவேண்டியவை, குறுக்கு விசாரணை பாதியில் நிற்கும் கட்டுகள். பொறுப்பை ஒப்படைக்கும் முன் அந்தச் சாட்சிகளுக்குக் கிட்டத்து வாய்தா போட்டு முடித்துவிட வேண்டும்.