பேட்டரியை மாற்றினேன், வியாதி போகவில்லை

போன டிசம்பர் மழையில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. சிங்கப்பூர் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு தெம்பனிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹெட்லைட், வைப்பர், ஏர்கான், பின்கண்ணாடிச் சூடேற்றி என்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பிஐஇ விரைவுச்சாலையில் யூனோஸ் தாண்டியதும் வைப்பர் சோம்பேறித்தனமாக நகர ஆரம்பித்தது. அடுத்து ஏபிஎஸ் என்கிற பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, பிறகு ஸ்டீரிங் விளக்கு. ஸ்டீரிங் கல்லாகக் கனத்தது. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் எரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் நிறுத்தினேன். அங்கே நான் செய்த மடத்தனம், என்ஜினை அணைத்ததுதான். திரும்பச் சாவியைத் திருகினால் டிக் டிக் டிக் என்ற சத்தம்தான் வந்தது. விரைவுச்சாலையைக் கண்காணிக்கும் ஈமாஸின் மீட்பு வண்டி வந்து, அதற்கென்று வைத்திருக்கும் பக்கத்துக் கார்பார்க் ஒன்றுக்கு இலவசமாக இழுத்துக்கொண்டு போய் விட்டது. அதற்கு மேல் நம் பாடு. மூன்று பை காய்கறியோடு டாக்சியில் வீடு வந்து சேர்ந்தோம். மனைவி வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்ததற்குக் காரணம் உண்டு. மூன்று வாரம் முன்புதான் 170 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துப் புது பேட்டரி போட்டிருந்தேன்.

அந்தக் கதை இதுதான். நவம்பரில் ஒரு காலை கார் கிளம்பவில்லை. போன் செய்தால் கார்பார்க்குக்கே வந்து மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரை அழைத்தேன். இருபது நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போனார். நம் ஊர் வெயிலில் பேட்டரி இரண்டு மூன்று வருடம் தாங்கினாலே பெரிது, என்னுடையதற்கு இரண்டரை வயது, ஆகவே நானும் கேள்வி கேட்கவில்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று அவரும் பார்க்கவில்லை, பாருங்கள் என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை. புது பேட்டரி வரும்போதே சார்ஜோடு வருகிறது. அது என் காரின் வியாதியை மூன்று வாரம் மூடி வைத்துவிட்டது.

மறுநாள் நண்பர் ஒருவர் ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டார். எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆல்டர்னேட்டர் போச்சு, ரீபில்ட் போட 480" என்றார் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி. என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு ஏற்றுவதுதான் ஆல்டர்னேட்டர், பழைய ஆட்கள் டைனமோ என்பார்கள். ரீபில்ட் என்றால் பழசைப் பிரித்துப் புதுப்பித்தது. காருக்குச் சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சீட்டு) முடிய இன்னும் 14 மாதம்தான். ஸ்கிராப்புக்குப் போகப் போகிற வண்டிக்கு 480 வெள்ளியா? பேட்டரிக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எங்கள் புளோக்கில் ஓர் அங்கிள் இருக்கிறார். முப்பது வருடம் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீசியன். மாலையில் கீழ்த்தளத்தில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார். விஷயத்தைச் சொன்னேன். "தம்பி, ஒரு மீட்டர் வாங்கிட்டு வா. அப்புறம் டைனமோவைப் பத்திப் பேசலாம்" என்றார். சிம் லிம் டவரில் 25 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். அதைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் பார்த்தது சிவப்பு ஒயர் எந்தத் துளையில் சொருகியிருக்கிறது என்றுதான். நான் 10 ஆம்பியர் துளையில் சொருகியிருந்தேன். "இதோட பேட்டரியைத் தொட்டிருந்தா நேரா ஷார்ட். மீட்டரும் போயிருக்கும், உன் விரலும் சுட்டிருக்கும்." ஒயரை மாற்றிச் சொருகினார்.

முதல் நாள் ஒரே வேலைதான். கேமரா திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கிறது என்பது என் சந்தேகம், பார்க்கிங்கிலும் ஓடுகிற டேஷ்கேம் அது. ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்து, பேட்டரியின் மேலோட்டமான சார்ஜை இறக்கிவிட்டு அளந்தோம். இரவில் 12.52 வோல்ட். காலையில் 12.47 வோல்ட். ஒழுக்கு இல்லை. கேமரா நிரபராதி.

அடுத்த நாள் என்ஜினை ஓடவிட்டோம். எல்லாம் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 13.6. பரவாயில்லை என்று தோன்றும். ஹெட்லைட் போட்டால் 13.1. ஏர்கான் காற்றாடியை முழு வேகத்தில் வைத்ததும் 12.4. சாதாரணமாக 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றார் அங்கிள். (சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்கும். என்னுடையது பழசு, அந்த வம்பு இல்லை.) "அப்போ ஆல்டர்னேட்டர்தானே அங்கிள்?" என்றேன். பதில் சொல்லாமல் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகவே இருந்தது. கீச்சென்ற சத்தமும் இல்லை.

பிறகு சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்பக்கம், தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வைக்கச் சொன்னார். அந்த போல்ட் நேராகப் பேட்டரியோடு இணைந்தது, எப்போதும் மின்சாரம் உள்ளது. ஸ்பேனர் கிஸ்பேனர் தவறிப்போய் பாடியைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். பெல்ட்டும் பக்கத்திலேயே சுற்றுகிறது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு மெதுவாக வைத்தேன். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸில். ஹெட்லைட், காற்றாடி எல்லாம் போட்டபடியே.

14.3.

ஆல்டர்னேட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அங்கே 14.3, ஒரு கை தூரத்தில் இருக்கும் பேட்டரியில் 12.4. நடுவழியில் 1.9 வோல்ட் காணாமல் போகிறது. சிவப்பு விளக்கு ஏன் எரியவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அந்த விளக்கு ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்கிறதா என்று பார்க்கிறதே தவிர, உற்பத்தியானது பேட்டரி வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. மழை இரவில் மட்டும் படுத்ததற்கும் இதே காரணம். கரண்ட் அதிகம் இழுக்க இழுக்க, கெட்டுப்போன இணைப்பில் இழப்பும் கூடும். பகலில் சும்மா ஓட்டும்போது வண்டி நல்ல பிள்ளை.

எர்த் பக்கத்தை, அதாவது மைனஸ் வழியில் எவ்வளவு இழப்பு என்று, அளந்தோம். ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 0.04, சுத்தம். ஆகவே பழுது பிளஸ் பக்கத்தில். சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலேயே வைத்துக்கொண்டு, கறுப்பு முனையைக் கேபிள் போகும் வழியெல்லாம் நகர்த்தினோம். கேபிளின் மறு முனை வளையத்தில் இழப்பு 0.05 வோல்ட். அந்த வளையம் உட்கார்ந்திருக்கும் மெயின் ஃபியூஸ் தகட்டில் 1.8. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, நடுவில் நகம் நுழையவும் இடமில்லை. ஆனாலும் இழப்பு முழுக்க அங்கேதான்.

என்ஜினை அணைத்து ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தபோது கருகிய பிளாஸ்டிக் வாடை. நட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. அங்கிள் கணக்குப் போட்டார்: "முப்பது ஆம்பியர் போகுதுன்னு வை, 1.8 வோல்ட், 54 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு உன் ஃபியூஸ் பெட்டிக்குள்ள." எனக்கு ஏர்கான் இல்லாமலே குளிர்ந்துவிட்டது. நட்டு என்றைக்கோ சரியாக முறுக்கப்படாமல் விடப்பட்டிருக்க வேண்டும். சூடாகி, ஆறி, மேலும் தளர்ந்து, இந்த நிலைக்கு வந்திருக்கிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார், வண்டி நின்றால் டைனமோ அவுட் என்று ஒரு பழைய சோதனையை இருவர் எனக்குச் சொன்னார்கள். செய்யாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி, காரின் கம்ப்யூட்டரையே அடித்துவிடும்.

காக்கி புக்கிட்டில் கார் எலக்ட்ரிக் வேலை மட்டும் செய்யும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, புது ஃபியூஸ் கட்டை, கேபிளுக்குப் புது லக் (முனை வளையம்), தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தது எல்லாம் சேர்த்து 85 வெள்ளி. நட்டை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். எல்லா லோடும் போட்டுப் பேட்டரியில் அளந்தால் 14.2.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் அளந்தார், அவ்வளவுதான். ஆனால் 480 கொடுத்து ரீபில்ட் போட்டிருந்தால், அதே கருகிய தகட்டில்தான் அதை மாட்டியிருப்பார்கள்.

மூன்று வாரம் அரைவயிற்றோடு கிடந்த புது பேட்டரியை அந்தக் கடையிலேயே ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் ஏற்றி வாங்கினேன். இப்போது காலையில் 12.6 காட்டுகிறது. காட்டியது என்று சொல்ல வேண்டும். மீட்டரை அங்கிள் தன் மருமகன் வேனைப் பார்க்க என்று வாங்கிப் போனார், தைப்பூசமும் முடிந்துவிட்டது, இன்னும் திரும்பி வரவில்லை.