தட்டிப் பார்த்து வாங்கிய அடுப்பு

"அமெரிக்கா போயும் காயலாங்கடை சாமானாடா?" என்று அம்மா கேட்டுவிட்டாள். வீடியோவில் நான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தது முப்பது வயது தாண்டிய ஒரு கேஸ் கிரில், கறி சுடுகிற அடுப்பு. அம்மா கண்ணில் பட்டதோ சக்கரம் கழன்ற கால் மட்டும். "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்றபடி போனை மாமாவிடம் கொடுத்தாள்.

மாமாவுக்குச் செங்கோட்டையில் பழைய இரும்புக் கடை. நமக்குக் காயலாங்கடை, புளியரை செக்போஸ்ட் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் அதுவே ஆக்ரிக்கடை. தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் கழித்துக் கட்டும், ரப்பர் ஷீட் அழுத்துகிற ரோலர் மெஷினை மலையாளத்தில் விலை பேசி வாங்கி, தமிழில் விற்பார். பள்ளிக்கூட லீவில் அந்தக் கடைத் திண்ணையில்தான் கிடப்பேன். எதைக் கொண்டுவந்தாலும் மாமா முதலில் பார்ப்பதில்லை, தட்டுவார்.

"மருமவனே, அதைத் தட்டிப் பார்த்தியா?" என்றார்.

தட்டவில்லை. அந்தக் கிரிலை வாங்காமல் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சிகாகோ புறநகரில் யார் வீட்டு வாசலில் நான் நின்றாலும், செங்கோட்டையில் மாலை ஆறரைக்கு மாமா கடையில் தயாராக இருப்பார்.

நான் தேடியது வெபர் கம்பெனியின் ஜெனிசிஸ் கிரில். 1985-ல் வந்த மாடல். கம்பெனியே சிகாகோக்காரர்களுடையதுதான். 1952-ல் அங்கே தகரப் பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தண்ணீரில் மிதக்கவிடும் இரும்பு மிதவையைக் குறுக்கே வெட்டிக் கரி அடுப்பாக்கினார். அங்கிருந்து வளர்ந்த கம்பெனி. இதைச் சொன்னதும் மாமா, "அட, நம்மாளு!" என்றார். இன்றைய ஜெனிசிஸ் வாங்க ஆயிரம் டாலர் வேண்டும். பழையதில் பர்னர் இருக்கும் பெட்டி அலுமினிய வார்ப்பு, துருப்பிடிக்காது. மூடி எனாமல். பர்னரும் தகடும் போனால் இன்றைக்கும் புதிது கிடைக்கிறது. போகக்கூடாதது கீழ்ச்சட்டம் ஒன்றுதான். மழையிலும் பனியிலும் நின்று அடியில் அரித்திருந்தால் அப்புறம் எடைக்குத்தான்.

இங்கே பேரம் என்பதே இல்லை. "விலை கறார்" என்று எழுதிப் போட்டுவிட்டுக் கதவைத் திறக்கவே யோசிக்கிறார்கள். ஒரு வீட்டில் ஷெட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பணத்தை டப்பாவில் போடவேண்டுமாம். செங்கோட்டைச் சந்தையில் கத்தரிக்காய்க்குக் கூட, டீ குடிக்கிற நேரமாவது பேசவேண்டும். நான் இந்த ஊருக்குப் பழகிவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். பனி தள்ளுகிறேன், வருமான வரி நானே போடுகிறேன், டாலரை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். அந்த டப்பாவுக்கு முன்னால் நின்றபோது மட்டும் நாற்பது டாலரை மனசு தானாகப் பெருக்கியது.

"ஸ்க்ரூ டிரைவரால கால்ல தட்டு. போனைக் கிட்டக் கொண்டு போ." தட்டினேன். டொக். "வேண்டாம். உள்ளே ஒண்ணும் இல்ல. துருமேல பெயிண்ட் அடிச்சிருக்கான்." கீறினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

நாலாவது வீட்டில் ணங் என்றது.

அங்கே நல்லவேளையாக ஒரு தாத்தா இருந்தார். மூடிக்குள் பெயிண்ட் உரிகிறது என்று தானாகவே விலையைக் குறைத்தார். அது பெயிண்டே அல்ல, காலங்காலமாகப் படிந்து கரியான எண்ணெய்ப் பிசுக்கு. சுரண்டினால் வந்துவிடும். பார்டர் புரோட்டாக் கடைக் கல்லோரத்தில் படிந்திருக்குமே, அதேதான். சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். மாமா போனில் தமிழில், "வாயைத் திறக்காதே" என்றார்.

சிலிண்டரைத் தொங்கவிட ஒரு தராசும் அதிலேயே இருந்தது. கேஸ் எவ்வளவு மிச்சம் என்று முள் காட்டும். வீட்டில் 14.2 கிலோ சிலிண்டரைச் சாய்த்து ஆட்டிப் பார்த்து "இன்னும் பத்து நாள் வரும்" என்று அம்மா சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அறுபது டாலர் கொடுத்தேன்.

பர்னர் குழாயைக் கழற்றினால் உள்ளே சிலந்தி வலை. அதை எடுக்காமல் பற்றவைத்திருந்தால் தீ திரும்பி வெளியே வந்திருக்கும். துடைத்து மாட்டி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டு, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகே பற்றவைத்தேன். பர்னருக்கு மேலே கூரை மாதிரி மடித்த தகடுகள், பதிமூன்று. அதில் சொட்டும் எண்ணெய்தான் புகையாகி வாசனை தருகிறது. மாமாவிடம் எண்ணிக்கையைச் சொன்னதும், "நம்ம பதிமூணு கண் பாலம் கணக்கு" என்றார். கழுத்துருட்டியில் பதிமூன்று வளைவுள்ள அந்த ரயில் பாலத்துக்குக் கீழே, மாமா லாரியில் ரோலர் மெஷினோடு உட்கார்ந்து ரயிலுக்குக் கையாட்டியிருக்கிறேன். மீட்டர்கேஜ் வண்டி, மலையேறுவதால் மெதுவாகத்தான் போகும். சாரலில் சட்டை நனைந்திருக்கும். திரும்பும் வழியில் புரோட்டாவும் மிளகுக் கோழியும்.

இங்கே நான் சுட்ட கோழி ஒரு பக்கம் கருகிவிட்டது.

"பழைய தகடு பதிமூணும் என்ன பண்ணினே?" என்று கேட்டார் மாமா.

புதியது மாட்டிவிட்டேன், அதெல்லாம் ஓட்டை விழுந்தது, குப்பைக்குத்தான் என்றேன்.

"போட்டுராதே. வரும்போது எடுத்துட்டு வா, எடைக்குப் போடலாம்."

பெட்டிக்கு 23 கிலோதான் விடுவான். குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், நாலு கிலோ. அம்மா கேட்ட குங்குமப்பூவும் பாதாமும் போக இடம் இருக்கிறது.