ஊரைப் பற்றி எழுதப் பழகுகிறேன்: சேலத்திலிருந்து ஒரு குறிப்பு

சொந்தமாக எழுத ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எதைப் பற்றி எழுதுறது?" என்றுதான். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: எப்படித் தட்டுவது? ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்ளும் முறையில்தான் என் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வரிக்கு அது தாராளம். ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் தெரிந்துவிடும். மனசில் ஓடுவது தமிழ், விரலில் ஓடுவது ஆங்கில எழுத்துக்கூட்டு. வருவது ழகரமா ளகரமா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குள் அடுத்த வாக்கியம் மறந்துபோகும்.

அதனால் முதல் வேலையாகத் தமிழ் 99. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டாலே வந்துவிடுகிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். அதிகம் வருகிற க, ப, ம, த, ந எல்லாம் வலது கை விரல்கள் இயல்பாக உட்காரும் நடு வரிசையிலேயே இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது புள்ளி விஷயம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும், முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். 'தங்கம்' என்பதில் ங-வுக்கும் அப்படியே. நம் மொழியில் ங-வுக்குப் பின்னால் க, ஞ-வுக்குப் பின்னால் ச, ந-வுக்குப் பின்னால் த என்று வருவதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் ஓர் அ தட்டினால் சரி. 'தத்தளிப்பு' என்ற சொல்லின் தொடக்கத்தில் த, அ, த, த என்று போக வேண்டும். ஸ, ஜ போன்றவற்றுக்கு ஷிப்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'ஸ்டீல் பிளான்ட்' என்று எழுதும்போது இன்னமும் விரல் தடுமாறுகிறது. மற்றபடி விசைகளைப் பார்க்காமலே ஓடுகிறது.

அப்புறம்தான் "எதைப் பற்றி" என்ற கேள்வி. நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: அந்த வாரம் கண்ணால் பார்த்த ஒரு பொருள், ஒரே பக்கம். 'சேலத்தின் சிறப்புகள்' என்று தலைப்பு வைத்தால் மாம்பழம், இரும்பாலை, ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு என்று பட்டியல்தான் வரும். அது பள்ளிக்கூடக் கட்டுரை.

மாறாக, தட்டுவடை செட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் தள்ளுவண்டி முன்னால் நின்று கவனித்தால் எழுத எவ்வளவோ இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டுவடைகளைத் தட்டில் வரிசையாகப் பரப்புகிறார்கள். ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, ஒன்றின் மேல் சிவப்பு. துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயத்தை விரல் நுனியால் கிள்ளி வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடுகிறார்கள். "காரம் தூக்கலாப் போடட்டுங்களா?" என்று கேட்கும்போதே கை அடுத்த செட்டுக்குப் போய்விடுகிறது. வாங்கியவுடன் வாயில் போட வேண்டும். பேசிக்கொண்டு நின்றால் சட்னி ஊறி மொறுமொறுப்பு போய்விடும். தட்டுவடையை நொறுக்கிச் சட்னியோடு கலந்து தரும் நொறுக்கல் இதைவிட நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக இன்னொரு பக்கம் எழுத வேண்டியிருக்கும்!

ஏற்காட்டிலும் இதே விதிதான். காபிச் செடி அங்கே 1820களில் வந்தது, கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து பத்து நாள் போல ஆனதும் மேலே ஏறிப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டித் தோட்டப் பகுதிக்குள் நுழைந்ததும் பூவாசம் வரும், மல்லிகையைத் தூரத்தில் முகர்ந்த மாதிரி. கிளையில் இலை முளைக்கும் கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் பழுப்பேறிவிடும். மேலே சில்வர் ஓக் நிழல், அதன் தண்டில் ஏறிய மிளகுக் கொடி. இதை அங்கேயே நின்று போனில் சொற்களாக மட்டும் குறித்துக்கொண்டேன். வாக்கியம் வீட்டுக்கு வந்து எழுதியது. இந்தப் பிரிவினை எனக்கு ஒத்துவருகிறது.

அப்பாவுக்குத் திரையில் படிக்கப் பிடிக்காது. "பேப்பர்ல குடுடா, படிக்கிறேன்" என்றார். அச்செடுக்க ஒரு டிடிபி கடைக்குக் கோப்பைக் கொண்டுபோனால், அவர்கள் திரையில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. நான் தட்டியது யூனிகோட், இப்போது எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. அவர்கள் மென்பொருளோ கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பழகிய பழைய எழுத்துரு முறை. இதற்கு மாற்று எளிது, வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் போதும். எழுத்தளவு 16 வைத்தேன், அப்பா கண்ணாடியைத் தேடாமல் படித்தார். படித்துவிட்டுப் பீட்ரூட்டெல்லாம் அவர் காலத்தில் வைக்க மாட்டார்கள் என்று ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

அது உண்மையா என்று பழைய வண்டிக்காரர்கள் யாரிடமாவது கேட்க வேண்டும். அடுத்த பக்கம் அதுதான். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை அதற்கப்புறம், உள்ளே நின்று பார்க்க விட்டால்.