புவனேகபாகுவின் பேரனும் மூன்றாம் ஜோனின் பேரனும்

நம் வரலாற்றுப் புத்தகங்களில் போர்த்துக்கல் அரசர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே வந்து போகிறார்கள். தளபதிகளின் பெயர்கள் இருக்கும், அரசன் "போர்த்துக்கல் மன்னன்" என்ற அளவோடு நின்றுவிடுவான். இலங்கையின் கோட்டை இராச்சியம் கைமாறிய கதைக்கு இது போதாது. போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜோனின் வீட்டு நிலவரம் தெரியாமல், கொழும்பு எப்படி ஒரு ஸ்பானிய அரசனிடம் போய்ச் சேர்ந்தது என்பதை விளக்க முடியாது.

ஜோன் 1502 ஜூனில் லிஸ்பனில் பிறந்தவர். 1505இல் போர்த்துக்கேயர் இங்கு வந்தபோது ஆண்டவர் இவரல்ல, இவருடைய தந்தை மனுவேல். மனுவேல் 1521 டிசம்பரில் இறக்க, ஜோன் அரியணை ஏறினார். விஜயபாகு கொல்லப்பட்டு ஏழாம் புவனேகபாகு கோட்டையின் அரசனானதும் அதே 1521இல்தான்.

ஜோனின் திருமணத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 1525இல் அவர் ஸ்பெயின் அரசரும் பேரரசருமான ஐந்தாம் சார்ள்ஸின் தங்கை கத்தரீனாவை மணந்தார். மறு ஆண்டு ஜோனின் தங்கை இசபெல்லாவை சார்ள்ஸ் மணந்தார். நம்மவர் மாற்றுச் சம்பந்தம் என்பது இதைத்தான். அடுத்த தலைமுறையிலும் அப்படியே நடந்தது: 1543இல் ஜோனின் மகள் மரியா சார்ள்ஸின் மகன் பிலிப்புக்கு; 1552இல் சார்ள்ஸின் மகள் ஜுவானா ஜோனின் மகன் ஜோன் மனுவேலுக்கு. இந்த இரண்டாம் சோடிக்குப் பிறந்த செபஸ்தியானின் வம்சக்கொடியை எழுதிப் பாருங்கள். எல்லோருக்கும் பூட்டன் பூட்டி எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் இவனுக்கு நான்கு பேர்தான்: மனுவேல், அவர் மனைவி மரியா, அழகன் பிலிப், அவர் மனைவி கஸ்தீல் ஜுவானா. அந்தப் பெண்கள் இருவரும் உடன்பிறந்த சகோதரிகள் வேறு.

ஜோனுக்கும் கத்தரீனாவுக்கும் ஒன்பது பிள்ளைகள். ஏழு பேர் ஆறு வயதைத் தாண்டவில்லை. மரியா 1545இல், தன் மகன் பிறந்த சில நாட்களில், 17 வயதில் இறந்தாள். ஜோன் மனுவேல் 1554 ஜனவரி 2ஆம் திகதி, 16 வயதில். பதினெட்டு நாள் கழித்து, ஜனவரி 20ஆம் திகதி, செபஸ்தியான் பிறந்தான். நான்கு மாதக் குழந்தையை விட்டுவிட்டு ஜுவானா ஸ்பெயினுக்குத் திரும்பினாள். மகனை அதன்பின் அவள் காணவேயில்லை. ஒன்பது பிள்ளைகளையும் பறிகொடுத்த பெற்றோருக்குப் போர்த்துக்கலில் மிஞ்சியது அந்த ஒரு பேரன்.

ஜோனின் ஆட்சியில் கொயிம்பிராவுக்குப் பல்கலைக்கழகம் மாறியது (1537), மத விசாரணை மன்றம் வந்தது (1536), மொலுக்காத் தீவுகளின் உரிமைக்காக சார்ள்ஸுக்கு 350,000 துகாத்து கொடுக்கப்பட்டது (1529). நமக்கு முக்கியம் வேறு.

புவனேகபாகுவுக்குப் பட்டத்தரசியிடம் ஆண் வாரிசு இல்லை. மகள் சமுத்திராதேவியின் மகன் தர்மபாலனை வாரிசாக்க விரும்பினார். சீதாவாக்கையில் தம்பி மாயாதுன்னை அரியணைக்குக் காத்திருந்ததால் வெளிப் பாதுகாப்புத் தேவைப்பட்டது. ஒரு பிராமண பண்டிதரைத் தூதராக்கி, பேரனின் பொன் உருவத்தோடு போர்த்துக்கலுக்கு அனுப்பினார். 1543இல் ஜோன் அந்த உருவத்துக்கு முடிசூட்டினார். அந்தக் காட்சி செதுக்கிய தந்தப் பேழை இன்று மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. கோட்டைக் கைவினைஞரின் வேலைத்திறத்துக்கு அதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

சிக்கல் பிறகு வந்தது. புவனேகபாகு கேட்டது படைத்துணை. ஜோன் எதிர்பார்த்தது மதமாற்றம். தூதருடன் பிரான்சிஸ்கன் துறவிகளையும் அனுப்பினார். அரசர் கடைசிவரை மதம் மாறவில்லை. 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி மன்னாரில் புதுக் கிறிஸ்தவர்களைக் கொன்றபோது சவேரியார் தண்டனைப் படையெடுப்பை வற்புறுத்தினார். யாழ்ப்பாணக் கரையில் தட்டிய போர்த்துக்கேயக் கப்பலின் சரக்கு சங்கிலியின் கையில் சிக்கியதும், அதை மீட்பதற்காக அந்தப் படையெடுப்பு கைவிடப்பட்டது. லிஸ்பனில் மதம் முதலில். இங்கிருந்த அதிகாரிகளுக்குச் சரக்கு முதலில். ஜோனின் கீழைத்தேய ஆட்சி முழுவதும் இந்த முரண் தெரிகிறது.

1551இல் களனியில் ஒரு போர்த்துக்கேயனின் வெடி பட்டுப் புவனேகபாகு இறந்தார். தவறா சதியா என்பது இன்றும் வாதத்தில்தான். 1557 ஜூனில் ஜோன் இறந்தார். மூன்று வயது செபஸ்தியான் அரசனானான். அதே 1557இல் தர்மபாலன் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு வைத்த பெயர் ஜோன், அரசிக்குக் கத்தரீனா. லிஸ்பன் அரண்மனைத் தம்பதியின் பெயர்களே அவை.

இரு பேரன்களுக்கும் பிள்ளையில்லை. செபஸ்தியான் மணமாகாமலே 1578 ஆகஸ்ட் 4ஆம் திகதி மொரோக்கோவில் அல்காசர் கிபீர் போரில் இறந்தான். ஜோனின் தம்பி, முதிய கர்தினால் என்றிக்கே, 1580 ஜனவரி வரை ஆண்டு மறைந்தார். துறவியாதலால் அவருக்கும் வாரிசில்லை. தர்மபாலன் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்கு எழுதிக்கொடுத்த சாசனத்தின் திகதி 1580 ஆகஸ்ட் 12. அப்போது லிஸ்பனில் அரியணைக்குச் சண்டை. பதின்மூன்று நாள் கழித்து அல்காந்தராவில் ஸ்பெயினின் பிலிப்பின் படை வென்றது. இந்தப் பிலிப் இசபெல்லாவின் மகன். அதாவது ஜோனின் மருமகன், அவருடைய மகள் மரியாவின் கணவனுமாக இருந்தவர். 1597 மே மாதம் தர்மபாலன் கொழும்பில் இறந்தபோது அவருக்கே கோட்டை போனது.

வாசிக்கும்போது பலர் தடுமாறுவது பிலிப்புகளின் எண்ணில். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் போர்த்துக்கலுக்கு முதலாம் பிலிப். 1619இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தபோது இருந்தவர் ஸ்பெயினுக்கு மூன்றாம், போர்த்துக்கலுக்கு இரண்டாம் பிலிப். இரு நூல்களில் எண் வேறுபட்டால், எந்த நாட்டுக் கணக்கென்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு நூலும் சரியாகவே இருக்கும்.